மலையேறி வரும் கல்லூரிகள்

மே மாதத்தில் பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியானதும், போடிநாயக்கனூரிலிருந்தும் உடுமலைப்பேட்டையிலிருந்தும் மூணாறு செல்லும் பேருந்துகளில் ஒரு புதிய வகைப் பயணியைக் காணலாம். தோளில் மடிக்கணினிப் பை. மடியில் வழவழப்பான தாளில் அச்சிட்ட கையேடுகளின் கட்டு. கொண்டை ஊசி வளைவுகளில் அந்தக் கட்டு சரிந்துவிடாதபடி இரு கைகளாலும் அணைத்துக்கொண்டு அமர்ந்திருப்பார். அவர் சுற்றுலாப் பயணியும் அல்லர், தேயிலை வாங்க வந்தவரும் அல்லர். சமவெளியிலுள்ள ஏதோவொரு கல்லூரியின் சேர்க்கை ஆலோசகர்.

கல்விக் கடன் முகாம்களுக்காக அதே மாதங்களில், அதே சாலையில் செல்பவர்கள் நாங்கள். ஆதலால் அவர்களுடன் ஒரே தேநீர்க் கடையில் மழைக்கு ஒதுங்கவும், ஒரே லயத்தின் வாசலில் காத்திருக்கவும் எங்களுக்கு வாய்ப்பு உண்டு. அவர்களைப் பற்றி மலையில் நல்ல பேச்சும் உண்டு, கசப்பான பேச்சும் உண்டு. இரண்டுக்கும் அந்தப் பயணத்தின் தன்மையே பெரும்பாலும் காரணம் என்பது எங்கள் கருத்து.

கல்லூரிகள் தேவிகுளத்தைத் தேடி வருவதில் வியப்பில்லை. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த இந்தத் தாலுகாவின் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோட்டங்கள் திறக்கப்பட்டபோது கங்காணிகள் வழியாகத் தென் தமிழகத்திலிருந்து மலையேறியவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்பட்டபோது, தமிழர் போராட்டங்களுக்குப் பின்னரும் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துடனேயே நின்றன. பள்ளியில் தமிழ் வழியில் படித்த பிள்ளைக்குக் கல்லூரி என்றவுடன் தேனியும் மதுரையும் கோயம்புத்தூரும் நினைவுக்கு வருவது இயல்பு. மூணாற்றில் அரசுக் கல்லூரி உண்டு. ஆனால் 2018 ஆகஸ்ட் மழையில் அதன் கட்டடம் மண்சரிவில் சிதைந்தது. அருகிலிருந்த வாய்ப்பு அதனால் மேலும் சுருங்கியது.

வரைபடத்தைப் பார்ப்பவருக்குப் போடியிலிருந்து தேவிகுளம் மிக அருகில் இருப்பதாகவே தோன்றும். போடிமெட்டு ஏறி, பூப்பாறை கடந்து, கேப் ரோடு வழியே செல்ல வேண்டும். கொச்சி–தனுஷ்கோடிச் சாலை என்று ஊரார் இன்றும் அழைக்கும் 85ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அது. அந்தக் கேப் ரோட்டில் 2019இலும் 2020இலும் பெரும் பாறைச் சரிவுகள் நிகழ்ந்து போக்குவரத்து நெடுநாள் தடைப்பட்டது. மறையூர் வழியாக வருபவருக்கு வேறு வகையான அனுபவம். 2018 வெள்ளத்தில் பெரியவரைப் பாலம் இடிந்தபின், அங்கு அமைத்த தற்காலிகப் பாலத்தையும் அடுத்தடுத்த மழை அடித்துச் சென்றது. இந்த மலைக்கு ஒரு காலத்தில் ரயிலும் இருந்தது என்றால் இளைய ஆலோசகர்கள் நம்புவதில்லை. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில், கொல்லம் ஆண்டைக் கொண்டு 'தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்' என்று மக்கள் குறிப்பிடும் 1924 ஜூலை வெள்ளத்தோடு போயிற்று, மீண்டும் போடப்படவில்லை. இன்று ரயில் போடியோடு நின்றுவிடுகிறது. அதுவும் அகலப்பாதைப் பணிகளுக்காகப் பல ஆண்டுகள் நிறுத்தப்பட்டு, 2023 ஜூனில்தான் திரும்ப வந்தது.

சாலை திறந்திருந்தாலும் யானை இருக்கிறது. 'படையப்பா' என்று மக்கள் பெயரிட்ட கொம்பன் சாலை நடுவே நின்றுவிட்டால், பேருந்தும் ஜீப்பும் அதன் விருப்பத்திற்குக் காத்திருக்க வேண்டியதுதான். சின்னக்கானலின் அரிக்கொம்பனை 2023 ஏப்ரலில் பிடித்து வேறிடத்தில் விட்டது நாடறிந்த செய்தி. ஆலோசகர் தம் மேலாளருக்குத் தாமதத்தின் காரணமாக யானையைக் குறிப்பிட்டால், முதல் முறை சிரிப்பார்கள். இரண்டாம் முறை பயணப்படியைக் குறைப்பார்கள் என்று ஒருவர் எங்களிடம் சொன்னார்.

இவையெல்லாம் மலைக்குரிய இயல்பான இடையூறுகள். காலத்தின் பொருத்தமின்மைதான் இவற்றைவிடக் கடினமானது. தேர்வு முடிவு வரும் மே மாதத்தில் பள்ளிகள் விடுமுறையில் இருக்கும்; மாணவர்களை ஒரே இடத்தில் கூட்டிப் பேச இயலாது. அது சுற்றுலாப் பருவமும் ஆகையால் மூணாற்றில் அறை வாடகை கல்லூரி தரும் படிக்குள் அடங்காது. பலர் அடிமாலியிலோ போடியிலோ தங்கி ஒவ்வொரு நாளும் மலையேறுகிறார்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது தென்மேற்குப் பருவமழையும் திறந்துகொள்கிறது. பகலில் லயத்துக்குச் சென்றால் வீடுகள் பூட்டியிருக்கும். தாயும் தந்தையும் காலையிலேயே கொழுந்து கிள்ளவோ, மருந்தடிக்கவோ, தொழிற்சாலைக்கோ சென்றிருப்பார்கள். மாலையில் கொழுந்து நிறுத்து முடித்து அம்மா வீடு திரும்பும்போது ஐந்து மணியைத் தாண்டிவிடும். கீழே இறங்கும் கடைசிப் பேருந்தைத் தவறவிட முடியாத ஆலோசகருக்கு அந்த வாசலில் கிடைப்பது அரை மணி நேரம். மிஞ்சினால் முக்கால் மணி நேரம்.

நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்த அரை மணி நேரத்தைப் பற்றித்தான். இரண்டு நாள் பயணம், நனைந்த கையேடுகள், பூட்டிய வீடுகள் எல்லாம் சேர்ந்து, வந்தவரை அன்று மாலையே ஒரு முடிவைக் கேட்க வைக்கின்றன. பல கல்லூரிகளில் அவருக்கு எண்ணிக்கை இலக்கு உண்டு. சில இடங்களில் ஊதியமே தலைக்கு இவ்வளவு என்ற கணக்கில்தான். வெறுங்கையோடு இறங்கினால் மறுபடி இதே சாலையில் ஏற வேண்டும். ஆகவே, "இடம் இரண்டுதான் மீதி இருக்கிறது" என்ற பேச்சு எழுகிறது. முன்பணமும் மதிப்பெண் பட்டியலின் மூலப் பிரதியும் கேட்கப்படுகின்றன. பத்து மணி நேரம் சரிவில் நின்றுவிட்டு வந்த ஒரு தாய், மூன்று நான்கு ஆண்டுகளுக்கும் சில லட்சம் ரூபாய்க்குமான முடிவை அடுப்பு பற்றவைக்கும் முன் எடுக்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவிலும் கல்லூரிகளின் சேர்க்கை அலுவலர்கள் பருவந்தோறும் ஊர் ஊராகச் சுற்றுபவர்களே. களைப்பும் தனிமையும் அவர்களுக்கும் உண்டு. ஆனால் அங்கே 1992இல் நிறைவேறிய சட்டத் திருத்தம், கூட்டாட்சி அரசின் கல்வி உதவி பெறும் நிறுவனங்கள் உள்நாட்டு மாணவர் சேர்க்கையின் எண்ணிக்கையை வைத்து அலுவலருக்குத் தரகோ ஊக்கத்தொகையோ வழங்குவதைத் தடை செய்தது. தலைக்கு ஊதியம் பெறுபவர் ஆலோசனை சொல்ல முடியாது, விற்பனைதான் செய்ய முடியும் என்பதை அச்சட்டம் உணர்ந்திருந்தது. நம் நாட்டில் தமிழ்நாடு 1992ஆம் ஆண்டிலேயே நன்கொடை வசூலைத் தடுக்கும் சட்டம் இயற்றியது. எனினும் தலைக்கணக்கில் இயங்கும் இடைத்தரகர் லய வாசலுக்கு வருவது நின்றபாடில்லை.

முன்பணத்தின் எடையைச் சமவெளியிலிருந்து கணிப்பது எளிதன்று. 2015 செப்டம்பரில் மூணாற்றில் பெண் தொழிலாளர்கள் தாங்களே திரண்டு நடத்திய 'பெண்பிளை ஒருமை' போராட்டத்தின்போது ஒரு நாள் கூலி 232 ரூபாய். போராட்டத்திற்குப் பின் அது 301 ஆயிற்று. இன்று மேலும் உயர்ந்திருக்கிறது. அன்றைய உயர்த்தப்பட்ட கூலியிலும் ஐயாயிரம் ரூபாய் என்பது ஏறத்தாழ பதினேழு நாள் உழைப்பு. மேலும், வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் லயத்து வீட்டையும் விட வேண்டும் என்பதால், பிள்ளையின் படிப்பே இக்குடும்பங்களின் அடுத்த வீடு. அவசரமாகச் சேர்ந்த படிப்பு பாதியில் நின்றால் அந்த வீடும் இல்லாமற் போகிறது.

சட்டம் இவர்களுக்குச் சில பாதுகாப்புகளைத் தருகிறது; லய வாசலில் அவற்றை எடுத்துச் சொல்வார் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கையின்படி, எந்தக் கல்லூரியும் மாணவரின் மூலச் சான்றிதழ்களைத் தன்னிடம் நிறுத்தி வைக்கக் கூடாது. சரிபார்த்தவுடன் திருப்பித் தர வேண்டும். சேர்க்கைக்கு முறையாக அறிவித்த கடைசி நாளுக்குப் பதினைந்து நாள் முன்னதாக விலகினால், சிறு நடைமுறைச் செலவு போகக் கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைக்க வேண்டும். அதன்பின் விலகினால் 90, 80, 50 விழுக்காடு என்று படிப்படியாகக் குறையும். கடைசி நாள் கழிந்து முப்பது நாளுக்குப் பின் எதுவும் இல்லை. அண்மைய சில கல்வியாண்டுகளில் மானியக் குழு இதைவிடத் தாராளமான நாள்களையும் அறிவித்திருக்கிறது. ஆனால் இவையனைத்தும் கல்லூரியின் ரசீது இருந்தால்தான் பயன்படும். ஆலோசகரின் கையில் கொடுத்த பணத்திற்கு அவரது நினைவாற்றலே சான்று.

எல்லையும் ஒரு சிக்கலை வைத்திருக்கிறது. தமிழ்நாட்டின் பொறியியல் கலந்தாய்வில் அரசு ஒதுக்கீட்டு இடம் பெற, எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அம்மாநிலத்தில் படித்திராதவர் தம் பிறப்பிடச் சான்றிதழைக் காட்ட வேண்டும். மூன்று தலைமுறையாகத் தேவிகுளத்தில் வாழும் குடும்பத்திடம் அது இருப்பதில்லை. பட்டியல் வகுப்புச் சான்றிதழும் எல்லையைத் தாண்டும்போது வலுவிழக்கிறது. ஒரு மாநிலத்தில் பெற்ற பட்டியல் வகுப்புத் தகுதியை வேறொரு மாநிலத்தின் இட ஒதுக்கீட்டில் கோர முடியாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 1990இல் தீர்ப்பளித்தது. ஆக, தமிழ் பேசும் இந்தப் பிள்ளை தமிழ்நாட்டுக் கல்லூரியில் சேரும்போது பெரும்பாலும் நிர்வாக ஒதுக்கீட்டு இடமே கிடைக்கிறது; கட்டணம் கூடுகிறது, சலுகை குறைகிறது. அதே மதிப்பெண்ணுக்குக் கேரளத்தில் கிடைக்கக்கூடிய ஒதுக்கீட்டையும் உதவித்தொகையையும் ஒப்பிட்டுச் சொல்லும் ஆலோசகரே மெய்யான ஆலோசகர். அத்தகையோரும் வருகிறார்கள், மிகச் சிலரே.

வங்கியின் பக்கத்தையும் இங்கே சொல்லிவிடுகிறோம். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி, நான்கு லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணையும் இல்லை, கைப்பணப் பங்கும் இல்லை. பெற்றோர் உடன் கடனாளியாகக் கையெழுத்திட்டால் போதும். ஏழரை லட்சம் வரை கடன் உத்தரவாத நிதியின் துணையோடு பிணையின்றி வழங்க இயலும். ஆண்டு வருமானம் நாலரை லட்சத்திற்குள் உள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு, படிப்புக் காலத்திற்கும் அதன்பின் ஓராண்டிற்கும் உரிய வட்டியை மைய அரசே மானியமாக ஏற்கும் திட்டம் உண்டு. ஆனால் அது தொழிற்கல்வி, தொழில்நுட்பப் படிப்புகளுக்கே. கல்லூரியோ பாடப்பிரிவோ உரிய தர மதிப்பீட்டுச் சான்று பெற்றிருக்கவும் வேண்டும். நிர்வாக ஒதுக்கீட்டுச் சேர்க்கையை வங்கிகள் தனியாகவே ஆராய்கின்றன. செவிலியர் படிப்பாயின், இந்தியச் செவிலியர் கவுன்சிலின் ஏற்பும் மாநிலக் கவுன்சிலின் ஏற்பும் இருக்கின்றனவா என்று முதலில் பார்க்கிறோம். "கடன் நாங்களே வாங்கித் தருகிறோம்" என்று வாசலில் சொல்லப்படும் சொல் இவற்றில் எதற்கும் ஈடாகாது. கடன் தொகையை வங்கி கல்லூரியின் கணக்கிற்கே நேராக அனுப்பும். இடையில் எவர் கைக்கும் அது வராது.

தேனி மாவட்டக் கல்லூரியொன்றிலிருந்து சில ஆண்டுகளாக வரும் ஓர் ஆலோசகர் வேறு முறையைக் கையாள்கிறார். மே மாதத்தில் அவர் வருவதே இல்லை. ஜனவரியில், பனிக்காலத்தில், பள்ளி நடக்கும் நாள்களில் வந்து வகுப்பறையிலேயே பேசுகிறார். கட்டண விவரத்தை ஒரே தாளில் விடுதி, பேருந்து, தேர்வுக் கட்டணம் உட்பட எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கிவிடுகிறார். முடிவு வந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மலையேறுகிறார். அன்று தோட்டம் விடுமுறை. தந்தையும் தாயும், கல்லூரியில் படித்துவரும் பக்கத்து லயத்து அக்காவும் உடனிருப்பார்கள். சென்ற ஆண்டு அப்படியொரு ஞாயிறன்று ஒரு தாய், "சார், நீங்க குடுத்த தாளை வேற ரெண்டு காலேஜ் தாளோட வெச்சுப் பாத்தோம். உங்க காலேஜ்ல விடுதிக்குத்தான் கூட வருது. அதைக் கொறைக்க முடியுமா?" என்று கேட்டார். அவர் குறைக்க முடியாது என்றார்; ஆனால் இரண்டாம் ஆண்டு முதல் வெளியில் தங்கலாம் என்ற விதியை எடுத்துக் காட்டினார். அவருக்கு ஆண்டுக்கு ஆறேழு மாணவர்களே கிடைக்கிறார்கள். கல்லூரி நிர்வாகத்திற்கு அந்த எண்ணிக்கை போதவில்லை என்ற குறை அவருக்கு உண்டு.

இவ்வாண்டு கடன் கேட்டு வரவிருக்கும் மலைக் குடும்பங்கள், வருமானச் சான்றுக்கு அட்சயா மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுவது நல்லது. ஜூன் மழையில் மின்சாரமும் இணையமும் ஒன்றாகவே போய்விடும். சான்று மலையாளத்தில் மட்டும் இருந்தால், தமிழ்நாட்டுக் கல்லூரிக்காக ஆங்கிலப் படியும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மதிப்பெண் பட்டியலின் மூலப் பிரதியை எங்களிடம் காட்டினால் போதும். சரிபார்த்து, அன்றே உங்கள் கையில் திருப்பித் தந்துவிடுவோம்.