மிதக்கும் கல்லும் காஞ்சிபுரம் இட்லியும்

கடற்கரையில் பொறுக்கிய கல் வாளித் தண்ணீரில் மிதந்துவிட்டால், அது பூஜை அறைக்கோ வாட்ஸ்அப் குழுவுக்கோ போய்ச் சேர்கிறது. ‘ராமர் கல்’, ‘விண்கல்’, ‘லட்சக்கணக்கில் விலைபோகும்’ என்றெல்லாம் பேச்சு வளரும். இதில் விண்கல் உடனே அடிபட்டுப் போகும்: கல்வகை விண்கற்கள் பெரும்பாலும் தண்ணீரைவிட மூன்று மடங்குக்கும் மேல் அடர்த்தியானவை. மிதப்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்று: எரிமலை தந்த நுரைக்கல் அல்லது காய்ந்த பவளக்கல்.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர்க்காரர்கள் கடல் பார்க்கப் போகும் மாமல்லபுரம் 2019 வரை அதே மாவட்டத்தில்தான் இருந்தது. இந்த வட்டாரத்தின் சொந்தப் பாறை, பல்லாவரம் மலையில் இருப்பதுபோன்ற சார்னோகைட். அதன் அடர்த்தி தண்ணீரைப்போல் சுமார் 2.7 மடங்கு, அதனால் மிதக்காது. தமிழ்நாட்டில் உயிருள்ள எரிமலை கிடையாது. ஆகவே இந்தக் கரையில் நுரைக்கல் கிடைத்தால் அது கடல் கொண்டுவந்த சரக்கு.

அது உருவாகும் விதம் காஞ்சிபுரம் இட்லியின் கதைதான். மாவு புளிக்கும்போது வாயு குமிழிடும். வேகும்போது மாவு இறுகிக் குமிழிகள் உள்ளேயே நின்றுவிடும். அதேபோல, பிசுபிசுப்பான கற்குழம்பு பூமிக்கடியிலிருந்து மேலேறும்போது அழுத்தம் குறைந்து, கரைந்திருந்த நீராவி நுரைக்கிறது. நுரை அடங்குமுன் குழம்பு கண்ணாடியாக உறைகிறது. இட்லி சூட்டில் இறுகுகிறது, கல் குளிரில் இறுகுகிறது. இட்லியில் தட்டுப்படும் மிளகுக்குப் பதில் கல்லில் சின்னச் சின்னப் படிகங்கள். இட்லி வேகும் மந்தாரை இலைக்கு மட்டும் எரிமலையில் இணை இல்லை.

சாம்பாரில் போட்ட இட்லி ஊறி அமிழ்ந்துவிடும். நுரைக்கல்லின் துளைகளும் பெரும்பாலும் ஒன்றோடொன்று திறந்தவை. தண்ணீர் உள்ளே போகத்தான் செய்கிறது. பிறகு எப்படி மாதக்கணக்கில் மிதக்கிறது? கலிபோர்னியாவின் பெர்க்லி ஆய்வாளர்கள் நுரைக்கல்லை ஊடுகதிரில் படமெடுத்து 2017இல் விடை சொன்னார்கள். உள்ளே புகும் தண்ணீர், தன் பரப்பு இழுவிசையால் துளைகளின் குறுகிய கழுத்துகளை அடைத்து, மிச்ச வாயுவைச் சிறைபிடிக்கிறது. மூழ்கடிக்க வந்த தண்ணீரே மூடியாகிவிடுகிறது! அந்த வாயு நீரில் கரைந்து, விரவி வெளியேறிய பிறகே கல் மூழ்கும். விரவல் மெதுவானது, கல்லின் குறுக்களவு இரட்டித்தால் மிதக்கும் காலம் ஏறக்குறைய நான்கு மடங்காகும்.

இப்படி மிதந்த கற்கள் நெடுந்தூரம் போனதற்கு வரலாறும் உண்டு. 1883 ஆகஸ்டில் இந்தோனேசியாவின் கிரகடோவா எரிமலை வெடித்தது. அதன் நுரைக்கற்கள் இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்கக் கரைவரை போயின.

ராமேசுவரத்தில் தொட்டிகளில் மிதக்கவிட்டுக் காட்டும் கற்களில் பவளக்கல்லும் உண்டு. அது சுண்ணாம்பால் ஆனது. அந்தச் சுண்ணாம்பு தண்ணீரைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு அடர்த்தி. துளைகளில் காற்று தங்கும்வரைதான் மிதப்பு.

இரண்டையும் பிரித்தறிய எலுமிச்சம்பழமும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் போதும். கல்லைக் கழுவிக் காயவைத்து, சிறு மூலையைச் சுரண்டி, சாறு இரண்டு சொட்டு விட வேண்டும். சுரண்டிய பொடி பொங்கினால் பவளம். நுரைக்கல்லின் கண்ணாடியில் சாறு எதுவும் செய்யாது. ஆனால் துளையில் ஒட்டிய சிப்பித்தூள் பொங்கி ஏமாற்றக்கூடும். அதனால் உருப்பெருக்கி வழியாகவும் பார்க்க வேண்டும்: பவளத்தில் விண்மீன் வடிவக் குழிகள் ஒரே மாதிரி வரிசைகட்டும், நுரைக்கல்லின் குமிழிகளுக்கு ஒழுங்கே இல்லை. கொட்டலசு என்ற சிறு கடலுயிரி ஒட்டியிருந்தால் கல் நெடுநாள் கடலில் இருந்ததற்கு அதுவே சாட்சி.

நுரைக்கல் என்றால் குதிகால் தேய்க்கலாம், லட்சங்கள் வராது. பவளமென்றால் எடுத்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும்: பாறை கட்டும் பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை.