விண்ணில் ஓர் ஆராய்ச்சி வீடு

பழவேற்காடு ஏரிக்கு அப்பாலுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் எழும்பும்போது கும்மிடிப்பூண்டி வட்டார மக்கள் அண்ணாந்து நோக்குகின்றனர். இதனால் கிராமத்துக்கு என்ன பயன் என்ற வினா எழுவது இயல்பே. விடை காண, நம் நாட்டவர் ஒருவர் முதன்முதலாக விண்ணில் வாழ்ந்த நாட்களை நினைவு கூர்வோம்.

சல்யூத்-7 என்பது சோவியத் நாடு 1982 ஏப்ரலில் விண்ணில் செலுத்திய ஆராய்ச்சி நிலையம். அது ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒரு முறை பூமியை வலம் வந்தது. 1984 ஏப்ரல் 3-ஆம் தேதி புறப்பட்ட ராகேஷ் சர்மா மறுநாள் அதனை அடைந்து, 11-ஆம் தேதி பூமிக்குத் திரும்பினார்.

அங்கே உடல் எடையை உணர்வதில்லை. உழைப்பின்றித் தசையும் எலும்பும் நலியும். ஆதலின் தேகப்பயிற்சி அன்றாடக் கடமையாயிற்று. யோகாசனம் இதற்கு உதவுமா என்று சர்மா சோதித்தார். மூச்சிலும் வியர்வையிலும் வெளிப்பட்ட ஈரம்கூடக் குளிர்விக்கப்பட்டு, தூய்மை செய்யப்பட்டு, மீண்டும் நீராகப் பயன்பட்டது.

எனினும், நமக்கு மிக நெருக்கமான பணி நம் நாட்டைப் படம் பிடித்ததேயாகும். காடு, நீர்நிலை, விளைநிலம் ஆகியவற்றை ஒருசேரக் காண அப்படங்கள் வழி செய்தன. இன்று அப்பணியைச் செயற்கைக்கோள்கள் ஆற்றுகின்றன. ஏரி சுருங்குவதையும் பயிர் வாடுவதையும் அவை விண்ணிலிருந்து காட்டும். ஆனால், ஏரியைத் தூர்வாரிக் கரையைக் காப்பது நம் கைகளிலேயே இருக்கின்றது. சொட்டு நீரையும் வீணாக்காத அந்த விண்வீட்டின் ஒழுங்கை நம் ஊரிலும் கைக்கொள்வோமாக.