ஆகஸ்ட் 1ஆம் தேதிக் கணக்கு

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பொங்கல், தீபாவளியைவிட எங்களுக்கு வயிற்றைக் கலக்கும் நாள் ஒன்று உண்டு: ஆகஸ்ட் 1. அன்றைக்கு வருகைப் பதிவேட்டில் எத்தனை பெயர் இருக்கிறதோ, அதை வைத்துத்தான் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று முடிவாகும். பணியாளர் நிர்ணயம் என்பார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள்வரை 2 ஆசிரியர், 61 முதல் 90வரை 3, 91 முதல் 120வரை 4.

ஒரு வருஷம் எங்களிடம் 62 பேர் இருந்தார்கள். ஜூலைக் கடைசியில் ஒரு குடும்பம் பனியன் கம்பெனி வேலைக்காகத் திருப்பூருக்குக் கிளம்பியது. இரண்டாம் வகுப்பில் அக்கா, ஒன்றாம் வகுப்பில் தம்பி. இரண்டு பேருக்கும் டி.சி. எழுதிக் கொடுத்தேன். எண்ணிக்கை 60 ஆனது. மூன்றாவது டீச்சர் உபரிப் பட்டியலில் ஏறி, பணி நிரவல் கலந்தாய்வில் வேறு பள்ளிக்குப் போய்விட்டார். “ஒண்ணாங்கிளாஸ் பசங்க இப்பதான் சார் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பிச்சாங்க” என்று சொல்லிவிட்டுத்தான் போனார். சட்டப்படி எல்லாம் சரி. ஒருவருக்கு 30 பிள்ளைகள். ஆனால் இருவருக்கு ஐந்து வகுப்புகள்.

நாட்டின் கணக்கும் இப்படித்தான் இருக்கிறது. 1950-51இல் இந்தியாவில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் 5.38 லட்சம் பேர். 1970-71இல் 10.60 லட்சம். 2000-01இல் 18.96 லட்சம். ஐம்பது ஆண்டில் மூன்றரை மடங்கு ஆகியிருக்கிறது. அதே காலத்தில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை சேர்ந்த பிள்ளைகளோ 1.92 கோடியிலிருந்து 11.38 கோடியானார்கள். ஏறக்குறைய ஆறு மடங்கு. இவர்களில் ஒரு பகுதியினர் நடுநிலைப் பள்ளிகளில் படித்தவர்கள் என்று கழித்துக்கொண்டாலும், பிள்ளைகள் வந்த வேகத்துக்கு வாத்தியார்கள் வரவில்லை. 1990-91இலும் சரி, 2000-01இலும் சரி, தொடக்கப் பள்ளியில் ஓர் ஆசிரியருக்கு 43 பிள்ளைகள் என்றே அரசின் புள்ளிவிவரம் சொல்கிறது.

இந்தப் பட்டியலில் நான் விரும்பிப் பார்ப்பது பெண்களின் வரிசையை. 1950-51இல் 5.38 லட்சத்தில் பெண்கள் 82 ஆயிரம் பேர்தான். 2000-01இல் 6.75 லட்சம். இன்று எல்லா வகைப் பள்ளிகளையும் சேர்த்து எண்ணினால் ஆசிரியர்களில் பாதிக்கு மேல் பெண்கள். பெண்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பத் தயங்கிய வீடுகளில் டீச்சரம்மா இருக்கிறார் என்பதற்காகவே அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன்.

ஓராசிரியர் பள்ளி என்றால் இன்று முகம் சுளிக்கிறோம். ஒரு காலத்தில் அது சாதனை. காமராஜர் ஆட்சியில், சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராக இருந்தபோது, பள்ளியே இல்லாத சிற்றூர்களில் ஓர் ஆசிரியரை வைத்துப் பள்ளி திறந்தார்கள். படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தவர்களை ஆசிரியராக்கும் மத்திய அரசின் திட்டம் அதற்குக் கைகொடுத்தது. கூரைக்கொட்டகை, ஒரு வாத்தியார், ஒரு மணி. கதவைத் திறப்பதுதான் அன்றைக்கு வேலை. திறந்த கதவுக்குள் இரண்டாவது ஆளைக் கொண்டுவரத்தான் இத்தனை காலம் பிடித்தது. 1987இல் கரும்பலகைத் திட்டம் வந்தபோதுதான், ஒரு பள்ளிக்குக் குறைந்தது இரண்டு ஆசிரியர், இயன்றவரை அதில் ஒருவர் பெண் என்று நாடு முழுவதற்கும் ஓர் அளவு வைத்தார்கள்.

அப்புறம் வந்தது மலிவு விலை வாத்தியார் காலம். உத்தரப் பிரதேசத்தில் சிக்ஷா மித்ரா, ராஜஸ்தானில் சிக்ஷா கர்மி என்று பெயர்தான் வேறு வேறு. நிரந்தர ஆசிரியர் சம்பளத்தில் சிறு பங்கைக் கொடுத்து, கிராமத்திலேயே ஆள் பிடித்து எண்ணிக்கையைக் காட்டினார்கள். சிக்ஷா மித்ராக்களைப் பிறகு நிரந்தரமாக்கியது செல்லாது என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் ஊரிலும் தொகுப்பூதியம் என்று ஒன்று இருந்தது. அதில் சேர்ந்தவர்கள் 2006இல்தான் காலமுறை ஊதியத்துக்கு வந்தார்கள். எண்ணிக்கை கூடியது என்று யாராவது சொன்னால், எந்தச் சம்பளத்தில் கூடியது என்று சேர்த்துக் கேட்பது என் வழக்கம்.

2010 ஏப்ரலில் கல்வி உரிமைச் சட்டம் நடப்புக்கு வந்தது. 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது சட்டமானது. தகுதித் தேர்வு வந்தது. ஆள் எடுப்பதும் கூடியது. பள்ளிகளைப் பற்றி மத்திய அரசு திரட்டும் யுடைஸ் தகவல் தொகுப்பின் 2024-25ஆம் ஆண்டு அறிக்கைப்படி, எல்லா நிலைகளையும் சேர்த்து நாட்டின் பள்ளி ஆசிரியர்கள் முதன்முறையாக ஒரு கோடியைத் தாண்டிவிட்டார்கள். மூன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை 13 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது தேசிய சராசரி. கீழ் வகுப்புகளில் 10 பேருக்கு ஒருவர். 43 எங்கே, 13 எங்கே!

அதே அறிக்கையில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. நாட்டில் 1,04,125 ஓராசிரியர் பள்ளிகள், அவற்றில் 33.76 லட்சம் பிள்ளைகள். வகுத்துப் பாருங்கள்: ஒரு பள்ளிக்கு 32 பேர். சட்டம் சொல்லும் 30க்கு ஏறக்குறைய சரியாகவே வருகிறது. ஆசிரியர்-மாணவர் விகிதத்தை மட்டும் பார்க்கும் அதிகாரிக்கு அங்கே பெரிய குறையே தெரியாது.

உள்ளே போய்ப் பார்த்தால் தெரியும். எங்களுடையதைப் போன்ற ஈராசிரியர் பள்ளியிலேயே ஒன்று, இரண்டு, மூன்று ஓர் அறையில். நான்கும் ஐந்தும் பக்கத்து அறையில். மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் கணக்கைப் போட்டுவிட்டு, இரண்டாம் வகுப்புக்குப் பாடம் வாசித்துக் காட்டி, ஒன்றாம் வகுப்பில் அழுகிற குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ‘அ’ எழுத வைக்க வேண்டும். திரும்பிப் பார்த்தால் கழித்தலைக் கூட்டலாகப் போட்டு வைத்திருப்பார்கள். இதற்கிடையில் எமிஸ் செயலியில் வருகையைப் பதிய வேண்டும். சத்துணவுக்கு எத்தனை பேர் என்று ஆயா வந்து நிற்பார். ஒருவருக்குக் குறுவளமையத்தில் பயிற்சி என்றால் அன்றைக்கு ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில். காய்ச்சல் வந்தாலும் பள்ளிக்கு வந்துவிடுவோம். கடமை உணர்ச்சி என்று பாராட்ட வேண்டாம், வேறு வழி கிடையாது.

தலையை எண்ணி ஆசிரியரைக் கொடுக்கும் வரை இது தீராது என்பது என் கட்சி. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு குழந்தைகள்கூட இல்லை என்ற நிலைக்கு வந்துவிட்டோம். பிறக்கிற குழந்தைகளிலும் ஒரு பங்கு தனியார் பள்ளி வேனில் ஏறிவிடுகிறது. இனி அரசுத் தொடக்கப் பள்ளியில் தலை குறையும், வகுப்பு குறையாது. 18 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு ஐந்து பேரைக் கொடு என்று யாரும் கேட்கவில்லை. ஐந்து வகுப்பு நடந்தால் தலை எத்தனையானாலும் மூன்று ஆசிரியர் என்று வைக்கலாம். செலவாகும், ஆகட்டும். மூன்றாம் வகுப்புக்கு வந்தும் படிக்கத் தெரியாத பிள்ளைக்கு ஆகும் செலவு அதைவிடப் பெரிது.

உங்கள் ஊர்ப் பள்ளியைப் பற்றி நீங்களே கேட்கலாம். ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க யுடைஸ் எண் உண்டு. அதை வைத்து யுடைஸ் தளத்தில் தேடினால் அந்தப் பள்ளியின் ஆசிரியர் எண்ணிக்கை கிடைக்கும். அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 சதவீதத்துக்கு மேல் காலியாக இருக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு சொல்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிர ஆசிரியரைக் கல்விசாராத வேலைக்கு அனுப்பக் கூடாது என்கிறது 27ஆம் பிரிவு. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி இடம் பெற்றோருக்குத்தான். அடுத்த கூட்டத்துக்குப் போனால், ‘எத்தனை ஆசிரியர்?’ என்பதோடு நிறுத்தாமல், ‘எந்த ஆசிரியரிடம் எத்தனை வகுப்பு?’ என்றும் கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.