ஆங்கிலம் தெரியாத அம்மாவும் சொல்லிக் கொடுக்கலாம்!

“எம் பொண்ணு இங்கிலீஷ் மீடியத்துலதான் படிக்கிறா. ஆனா வீட்டுல உட்கார வெச்சு சொல்லித் தர எனக்குத்தான் ஒண்ணும் தெரியலே!”

இந்தப் பெருமூச்சு கேட்காத தெரு நம் ஊர்களில் உண்டா, சகோதரிகளே? அரசுப் பள்ளிகளிலேயே 2012-13ஆம் கல்வியாண்டிலிருந்து ஆங்கில வழி வகுப்புகள் வரத் தொடங்கின. குழந்தை ஆங்கிலப் புத்தகத்தோடு வீட்டுக்கு வருகிறது. அம்மாவோ அந்தப் புத்தகத்தைக் கண்டாலே ஒதுங்கிக் கொள்கிறாள். நாளடைவில் குழந்தையும், “எங்கம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது” என்று சொல்லப் பழகிவிடுகிறது. ட்யூஷனுக்குக் கட்டுகிற பணத்தைவிட இதுதான் பெரிய நஷ்டம்.

அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்பது உண்மையா? அடி அண்ணாமலைக்குப் போய்ப் பார்ப்போம், வாருங்கள்.

திருவண்ணாமலையில் 14 கிலோ மீட்டர் கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்குப் பக்கமாக இருக்கிறது இந்தக் கிராமம். ஆதி அருணாசலேசுவரர் கோயில் இங்கேதான். பௌர்ணமி இரவுகளில் கூட்டம் அலைமோதும். ரமண மகரிஷியைப் பற்றி பால் பிரண்டன் என்ற ஆங்கிலேயர் எழுதிய புத்தகம் 1934இல் வெளிவந்தது. அதற்குப் பிறகு இந்த மலையைத் தேடி வெளிநாட்டார் வருவது பெருகிற்று. ஆகவே இந்தப் பாதையில் ஆங்கிலம் காதுக்குப் புதிதல்ல.

இப்படிப்பட்ட பாதைகளில் இளநீர்க் கடைக்காரரும் ஆட்டோ ஓட்டுநரும் நாலு வார்த்தை ஆங்கிலத்தில் வியாபாரத்தை முடித்து விடுவதைப் பார்த்திருப்பீர்கள். இலக்கணம் பார்த்தால் தப்பும் தவறுமாகத்தான் இருக்கும். ஆனால் விஷயம் போய்ச் சேர்ந்து விடுகிறதே! அதே சமயம், ‘மை ஸ்கூல்’ கட்டுரையை மூச்சு விடாமல் ஒப்பிக்கிற பிள்ளையிடம், “கோயிலுக்கு எந்த வழி?” என்று ஒருவர் ஆங்கிலத்தில் கேட்டால் தலையைக் குனிந்து கொள்கிறது. ஏன் இப்படி?

27,000 ஆசிரியர்கள்

நம் மாநிலத்தில் இந்தக் கேள்விக்கு வயது அதிகம். 1950களின் கடைசியில் சென்னை மாநிலத்தில் ஒரு பெரிய முயற்சி நடந்தது. ஆரம்ப ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்குப் புதுமுறைப் பயிற்சி தருவது திட்டம். முதலில் சிலருக்குப் பயிற்சி, அவர்கள் பலருக்கு, அந்தப் பலர் இன்னும் பலருக்கு என்று உருண்டு பெருகியதால் ‘மெட்ராஸ் ஸ்நோபால்’, அதாவது பனிப்பந்து, என்றே அதற்குப் பெயர் வந்தது.

அந்த முறையில் வாக்கியங்களைப் படிப்படியாக அடுக்கிக் கற்பித்தார்கள். “திஸ் இஸ் எ புக்”, “தட் இஸ் எ பென்” என்று வகுப்பே திரும்பத் திரும்பச் சொல்லும். வாக்கியம் மனசில் பதிந்தது. ஆனால் கையில் இருப்பது புத்தகம் என்று ஏற்கெனவே தெரிந்த குழந்தைக்கு, அதைச் சொல்ல வேண்டிய அவசியம் என்ன?

ரயில் அட்டவணையே பாடம்

இந்த இடத்தில்தான் என்.எஸ். பிரபு என்ற நம் நாட்டுக் கல்வியாளர் வேறு வழி யோசித்தார். அப்போது அவர் சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றினார். 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் தமிழ்நாட்டிலும் சில சாதாரணப் பள்ளிகளில் அவரும் ஆசிரியர்களும் சேர்ந்து ஒரு சோதனை நடத்தினார்கள். ‘பெங்களூர் திட்டம்’ என்று உலகம் முழுக்க ஆங்கில ஆசிரியர்கள் இன்றும் அதைப் பற்றிப் படிக்கிறார்கள்.

அதில் இலக்கணத்தை வரிசைப்படுத்திய பாடம் கிடையாது. ரயில் அட்டவணை, கடிகாரம், வரைபடம், காலண்டர் இவைதான் பாடம்! “இந்த ரயில் எத்தனை மணிக்குப் புறப்படுகிறது? எத்தனை மணி நேரப் பயணம்?” என்று ஆசிரியர் ஆங்கிலத்தில் கேட்பார். முதலில் வகுப்பு முழுவதும் சேர்ந்து ஒரு கணக்கைப் போடும். பிறகு அதே மாதிரி இன்னொன்றை ஒவ்வொரு பிள்ளையும் தனியாகப் போட வேண்டும். விடை சரியா என்பதற்குத்தான் முதல் மதிப்பு. வாக்கியம் தடுக்கி விழுந்தாலும் பரவாயில்லை. மனம் பொருளில் ஈடுபட்டிருக்கும்போது மொழி தானாக உள்ளே இறங்கும் என்பது அவர் நம்பிக்கை. இதை விளக்கி 1987இல் புத்தகமும் எழுதினார்.

மலையைச் சுற்றி ஒரு பாடம்

அடி அண்ணாமலைப் பிள்ளைக்கு ரயில் அட்டவணை எதற்கு? கிரிவலப் பாதையே இருக்கிறதே!

எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கங்கள். கிழக்கே இந்திரன், தெற்கே எமன், மேற்கே வருணன், வடக்கே குபேரன். மூலைகளில் அக்கினி, நிருதி, வாயு, ஈசானியம். இதை எந்த அம்மாவும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். ஒரு தாளில் வட்டம் போட்டு, நடுவே மலையை வரைந்து, எட்டுப் புள்ளி வையுங்கள். “குபேர லிங்கம் எந்தத் திசைடா கண்ணு? இங்கிலீஷ்ல சொல்லு பார்ப்போம்” என்று கேளுங்கள். “நார்த்” என்று பதில் வரும். “மணிக்கு 4 கிலோ மீட்டர் நடந்தா 14 கிலோ மீட்டருக்கு எத்தனை மணி நேரம்? சாயங்காலம் 6 மணிக்குக் கிளம்பினா எப்போ முடிப்போம்?” யோசித்து, விரல் விட்டு எண்ணி, “நைன் தர்ட்டி” என்று சொல்லட்டும்.

கவனித்தீர்களா? கேள்வி தமிழில், பதில் ஆங்கிலத்தில். ஆங்கிலம் குழந்தைக்குத் தெரியும். விடை சரியா, தப்பா என்பது உங்களுக்குத் தெரியும்! ஆளுக்குப் பாதி. உங்கள் ஊரில் மலை இல்லாவிட்டால் பஸ் நேரம் இருக்கிறது, ரேஷன் கடை இருக்கிறது, பால் கணக்கு இருக்கிறது.

உச்சரிப்பிலும் உங்களால் உதவ முடியும். பன்றிக்கும் ஆங்கிலத்தில் ‘பிக்’, பெரியது என்பதற்கும் ‘பிக்’ என்றே தமிழில் எழுதுகிறோம். குழந்தை குழம்பாதா? ‘பம்பரம்’ என்று சொல்லிக் காட்டுங்கள். முதல் ‘ப’ பன்றிக்கு, நடுவில் வருகிற ‘ப’ பெரியதுக்கு. இரண்டு ஒலியும் தமிழ் நாக்கில் ஏற்கெனவே இருக்கிறது!

திட்டாதீர்கள், தமிழைத் தடுக்காதீர்கள்

“ஐ மில்க் டிரிங்க்” என்று குழந்தை சொன்னால் சிரித்துவிடாதீர்கள். ‘நான் பால் குடிக்கிறேன்’ என்ற தமிழ் வரிசையில் வார்த்தைகளை அடுக்கியிருக்கிறது, அவ்வளவுதான். சரியான வாக்கியம் தெரிந்தவர்கள், “ஓ, யூ டிரிங்க் மில்க்கா?” என்று இயல்பாகத் திருப்பிச் சொன்னால் போதும். தெரியாவிட்டால், “டீச்சர் இதை எப்படிச் சொல்வாங்க, கேட்டுட்டு வந்து எனக்கும் சொல்லு” என்று அனுப்புங்கள். அம்மாவுக்குச் சொல்லித் தர வேண்டும் என்றால் பிள்ளைகளுக்கு உற்சாகம் பிறந்துவிடும்.

இன்னொன்று. சில வீடுகளில் “இனிமே வீட்டுல தமிழே பேசக் கூடாது” என்று சட்டம் போடுகிறார்கள். வேண்டவே வேண்டாம். தாய்மொழி வழியாகவே குழந்தை நன்றாகக் கற்கும் என்று யுனெஸ்கோ 1953லேயே வலியுறுத்தியது. தமிழில் கதை கேட்டு, ‘ஏன், எப்படி’ என்று துளைத்தெடுக்கிற பிள்ளைக்குத்தான் ஆங்கிலத்தில் சொல்லவும் விஷயம் இருக்கும். உங்களுக்கே தடுமாற்றமான மொழியில் பேச ஆரம்பித்தால், கதையும் கொஞ்சலும் பேச்சும் குறைந்து போகும்.

2021இல் தமிழக அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தில், மாலை நேரத்தில் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தர முன்வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தாம். அக்கம்பக்கத்துப் பெண்களால் இது முடிந்ததென்றால், வீட்டில் அரை மணி நேரம் உங்களால் முடியாதா?

இன்று மாலை அடுப்பில் குழம்பு கொதிக்கிற நேரத்தில் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, “பஸ் எத்தனை மணிக்கு? இங்கிலீஷ்ல சொல்லு” என்று தொடங்குங்களேன்!