பகல் 11 மணிக்கு வீட்டில் பிள்ளைகள்! 1098-க்குப் பறந்தது போன்

பள்ளிக்கூடம் போகாமலே படிக்கும் அக்காள்-தம்பி: சைதாப்பேட்டை வீட்டில் ஒரு நாள்

(நமது நிருபர்)

சென்னை சைதாப்பேட்டையில் ஒரு குறுகலான சந்து. முதல் மாடியில் ஒரு போர்ஷன். ஒரு ஹால், ஒரு சமையலறை, அவ்வளவுதான். அந்த வீட்டில் 13 வயதில் ஒரு பெண், 9 வயதில் ஒரு பையன்.

தெருப் பிள்ளைகள் எல்லாம் முதுகில் மூட்டையைச் சுமந்துகொண்டு ஓடுகிற நேரத்தில் இந்த இரண்டு பேரும் மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டு இருப்பார்கள். பகல் 11 மணிக்கு மளிகைக் கடைக்கு வருவார்கள். பாக்கிச் சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டு போவார்கள்.

தெருவாசிகள் சும்மா இருப்பார்களா? "பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் பிள்ளைகளை வைத்து வேலை வாங்குகிறார்கள்" என்று பேச்சு கிளம்பியது. யாரோ ஒரு புண்ணியவான் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு போன் போட்டுவிட்டார்.

ஒரு நாள் காலை இரண்டு பேர் விசாரணைக்கு வந்து கதவைத் தட்டினார்கள். திறந்தது அந்த 9 வயதுப் பையன். கையில் துடைப்பம் இல்லை, கரண்டி இல்லை. ஈ.பி. கார்டு இருந்தது!

"முதல் 100 யூனிட் ப்ரீ சார். அதுக்கு மேலதான் காசு. ஆனா யூனிட் ஏற ஏற ரேட்டும் ஏறுது" என்று வந்தவர்களுக்கே பாடம் எடுத்தானாம்.

"நீ எந்த ஸ்கூல் தம்பி?"

"எங்க வீடுதான் சார்."

வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நோட்டுப் புத்தகங்களைப் புரட்டினார்கள். அக்காளைத் தமிழில் ஒரு பக்கம் படிக்கச் சொன்னார்கள். தங்கு தடை இல்லாமல் படித்தாள். இரண்டு பேரையும் தனியாக அழைத்து, "அடிக்கிறாங்களா, வேலை செய்யச் சொல்றாங்களா?" என்று கேட்டார்கள். கடைசியில் டீ குடித்துவிட்டு, "பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள் அம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

விஷயம் காதுக்கு வந்ததும் நானும் போனேன். பெயரும் போட்டோவும் வேண்டாம் என்ற நிபந்தனையோடு பேசினார்கள்.

ஒரே ஒரு செல்போன்

அப்பா மண்ணடியில் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறார். அம்மா பி.எட். படித்தவர். தனியார் பள்ளி ஒன்றில் டீச்சராக இருந்தவர்.

2020 மார்ச்சில் கொரோனா வந்து பள்ளிகளை மூடினார்களே, அப்போது பெண் 2-ம் வகுப்பு. பையனுக்கு எல்.கே.ஜி. பாரம் வாங்கி வைத்திருந்த நேரம். அம்மாவுக்கு முதலில் சம்பளம் நின்றது, பிறகு வேலையே போனது. அப்பாவுக்குப் பாதிச் சம்பளம். வீட்டில் இருந்ததோ ஒரே ஒரு செல்போன். அதில்தான் மகளின் வகுப்பு.

"தம்பி, போன்ல மிஸ் பேசறது பாதி கேட்கும், பாதி கேட்காது. ஒரு நாள் இவளைத் தமிழ்ப் புத்தகம் படிக்கச் சொன்னேன். எழுத்துக்கூட்டக்கூடத் தெரியல. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்த எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்க" என்கிறார் அம்மா.

அன்றைக்கே போனை மூடி வைத்தார். ஆனா, ஆவன்னாவிலிருந்து ஆரம்பித்தார். ஆறு மாதத்தில் அந்தப் பெண் பேப்பரில் தலைப்புச் செய்தி வாசித்தாள்.

தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரை உள்ள வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-ந் தேதிதான் மறுபடி பள்ளி திறந்தது. பழைய பள்ளியில் பாக்கிக் கட்டணத்தைக் கட்டினால்தான் பேச்சு என்றார்கள். கட்டப் பணம் இல்லை. டி.சி. கேட்டார்கள், அதற்கும் அதே பதில். (கட்டண பாக்கியை வசூலிக்க டி.சி.யை ஆயுதமாக்கக் கூடாது என்று சென்னை ஐகோர்ட்டு சொன்னது 2024-ல்தான்.) "ஒரு வருஷம் வீட்டிலேயே பார்ப்போம்" என்று புருஷனும் பெண்சாதியும் முடிவு செய்தார்கள். ஐந்தாவது வருஷம் ஓடிக்கொண்டு இருக்கிறது. பையன் பள்ளிக்கூட வாசலை இன்றுவரை மிதித்தது இல்லை.

குடத்தோடு தொடங்கும் வகுப்பு

காலை 5.30 மணிக்குக் கைபம்பில் தண்ணீர். பம்பு அடிப்பது அக்காள், குடத்தை எண்ணுவது தம்பி. 7.40-க்கு அப்பா டிபன் பாக்சோடு மின்சார ரெயிலுக்கு ஓடுகிறார். 8.30 மணிக்குச் சமையலறை வாசலில் பாய் விரிக்கப்படும். அதுதான் வகுப்பறை. கரும்பலகை, குளிர்சாதனப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிய ஒரு கறுப்புத் தாள்!

10.30 வரை கணக்கும் தமிழும். அரசாங்கப் பாடப் புத்தகங்கள்தான். அம்மா நுங்கம்பாக்கம் கல்லூரி சாலை வளாகத்துக்குப் போய் வாங்கி வந்தவை. அப்புறம் பையன் சீட்டோடு கடைக்குப் போவான். "கால் கிலோ துவரம்பருப்பு என்ன விலை, அப்போ 150 கிராம் எவ்வளவு" என்பதெல்லாம் அங்கேயே நடக்கும். கடைக்காரர் சொல்கிறார்: "தராசைப் பார்த்துக்கிட்டே நிப்பான் சார். ஒரு கிராம் குறையவிட மாட்டான். இவனைக் கண்டாலே எனக்குக் கொஞ்சம் பயம்."

மத்தியானம் அம்மா தையல் மெஷினில் உட்காருகிறார். ஜாக்கெட் தைத்து வருகிற காசுதான் நோட்டுக்கும் பென்சிலுக்கும். அந்த நேரத்தில் பெண் தானாக அறிவியல் படிக்கவேண்டும். தூங்கியும் விடுவாள். அம்மாவே சிரித்துக்கொண்டு சொல்கிறார்.

வியாழக்கிழமை ஊர் சுற்றும் நாள். வெள்ளிக்கிழமை எழும்பூர் மியூசியம் லீவு, செவ்வாய்க்கிழமை கிண்டி சிறுவர் பூங்கா லீவு என்பதெல்லாம் அம்மாவுக்கு மனப்பாடம். அதிகமாகப் போவது கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு. 2010-ல் திறந்த அந்த நூலகத்தில் குழந்தைகள் பிரிவில் ஒரு செயற்கை மரம் உண்டு. அதன் அடியில் பையன் உட்கார்ந்தால் எழுப்புவது கஷ்டம்.

பஸ்சில் மாணவர் பாஸ் கிடையாது. பெண்ணுக்குக் கவலை இல்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண கட்டண பஸ்களில் பெண்களுக்கு இலவசம். பையனுக்குத்தான் அரை டிக்கெட். "என்னப்பா, இன்னைக்கு ஸ்கூல் இல்லையா?" என்று கண்டக்டர் கேட்காத வியாழக்கிழமையே இல்லையாம்.

இரவு 9 மணிக்கு அப்பா வந்ததும் கடைசிப் பீரியடு. சிட்டா, பேரேடு, வரவு, பற்று என்று பெண் விளாசித் தள்ளுகிறாள். 13 வயதில் இருப்புக் கட்டத் தெரிகிறது. பெரிய பெரிய கடைகளில் இந்த வேலைக்கு ஆள் தேடுகிறார்கள்!

டியூஷனுக்கு வரும் தெரு

வேடிக்கையைக் கேளுங்கள். மாலை 5 மணி ஆனால் அந்த வீட்டு மாடிப்படியில் செருப்பு வைக்க இடம் இருக்காது. தெருப் பிள்ளைகள் பதினைந்து பேர் டியூஷனுக்கு வருகிறார்கள். பகல் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் இருந்துவிட்டு, பள்ளிக்கூடம் போகாத வீட்டுக்குப் படிக்க வருகிறார்கள்! 1098-க்கு போன் செய்தவரின் பிள்ளையும் அதில் உண்டு என்று தெருவில் ஒரு சந்தேகம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இப்படி வீட்டில் வைத்துப் படிக்க வைப்பது குற்றமா? வக்கீல்களைக் கேட்டால் நேர்ப் பதில் கிடைப்பதில்லை. காரணம் இருக்கிறது.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்தது. 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது அந்தச் சட்டம். ஆனால் சேர்க்காத பெற்றோருக்கு அதில் அபராதமும் இல்லை, ஜெயிலும் இல்லை.

டெல்லி ஐகோர்ட்டில் இது பற்றி ஒரு வழக்கு நடந்தது. வீட்டுக் கல்விக்கு இந்தச் சட்டம் குறுக்கே நிற்காது என்று 2011-ல் மத்திய அரசு சொன்னது. மறு வருஷமே மாற்றிப் பேசியது. இப்படி மேலே இருப்பவர்களே முன்னும் பின்னும் போனால் சைதாப்பேட்டை சந்தில் இருப்பவர் என்ன செய்வார்?

அதே சட்டத்தில் இன்னொரு நல்ல விஷயம் உண்டு. அது பலருக்குத் தெரியாது. பள்ளிக்கே போகாத பிள்ளையை வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். வயதுச் சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. இந்தப் பையனை நாளைக்கே அழைத்துப் போனாலும் அவனோடு வயதொத்த பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் சேர்த்தாக வேண்டும்.

எந்தக் கட்டத்தில் எழுதுவது?

வருஷா வருஷம் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு டீச்சர்கள் வீடு வீடாக வருகிறார்கள். பள்ளியில் படிக்கிற பிள்ளை, பள்ளிக்குப் போகாத பிள்ளை, இடையில் நின்ற பிள்ளை. இந்தக் கணக்கில் வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு இடம் எங்கே? அரசின் பள்ளி மாணவர் பதிவேட்டில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு எண் உண்டு. இவர்களுக்கு இல்லை.

எண் இல்லாவிட்டால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். இலவசப் புத்தகம் இல்லை, காலை உணவு இல்லை, பஸ் பாஸ் இல்லை. அது போகட்டும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2020-ல் வந்தது. அதே மாதிரி படித்த பெண்கள் கல்லூரிக்குப் போனால் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-ல் வந்தது. 6, 7, 8 மூன்றையும் சமையலறை வாசலில் படித்த பெண் எந்தக் கணக்கில் வருவாள்? இதைச் சொன்னதும் அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "இதை யாருமே எங்களுக்குச் சொல்லல தம்பி" என்றார்.

நகரத்தில் வீட்டுக் கல்விக் குடும்பங்கள் வேறும் இருக்கின்றன. பெரும்பாலும் வசதியானவர்கள். வெளிநாட்டுப் போர்டு பரீட்சைக்குப் பணம் கட்ட அவர்களால் முடியும். 10-ம் வகுப்பு, 12-ம் வகுப்பு சர்டிபிகேட் இல்லாமலே கம்ப்யூட்டர் ஒலிம்பியாடு மெடல்களைக் காட்டி 2016-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சேர்ந்த மும்பைப் பெண்ணின் செய்தியை இந்த வீட்டிலும் கத்தரித்து வைத்திருக்கிறார்கள். "லட்சத்துல ஒண்ணு தம்பி அது. என் பொண்ணுக்கு சர்டிபிகேட் வேணும்" என்கிறார் அப்பா. அவர் சொல்வதுதான் சரி.

பிறப்புச் சான்றிதழ் போதும்

வழி இல்லாமல் இல்லை. 12½ வயது முடிந்தால் 8-ம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக நேரடியாக எழுதலாம். அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்துகிறது. டி.சி. இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழ் நகல் போதும். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று ஐந்து பாடம்.

10-ம் வகுப்பையும் தனியாக எழுதலாம்தான். ஆனால் அறிவியல் செய்முறைப் பயிற்சி வகுப்புக்குப் பெயர் கொடுத்துப் போய் வரவேண்டும். சமையலறையில் சோதனைக் குழாய் பிடிக்க முடியாது. மத்திய அரசின் திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுதலாம் என்றால் 14 வயது ஆகவேண்டும்.

இதையெல்லாம் அம்மா விளக்கிக்கொண்டு இருந்தபோது, கதவு ஓரமாக நின்ற பெண் மெதுவாகச் சொன்னாள்:

"அண்ணா, எனக்கு ஸ்கூலுக்குப் போகணும்."

அம்மாவின் முகம் மாறியது. "ஏன்டி, இங்க என்ன குறை?"

"குறை ஒண்ணும் இல்லம்மா. டியூஷனுக்கு வர்றவங்க அவங்க கிளாஸ் கதை பேசுவாங்க. எனக்குச் சொல்ல ஒண்ணும் இருக்காது."

அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. "அஞ்சு வருஷமா ஒரு நாள் லீவு எடுக்கல தம்பி நான். ஜுரம் வந்தப்பகூடப் படுத்துக்கிட்டே டிக்டேஷன் போட்டேன். சரி, அவ போகட்டும். ஒன்பதாவது சேரட்டும். எனக்கும் இடுப்பு வலிக்குது" என்றார்.

உண்மையைச் சொல்வதென்றால் அந்த வீட்டில் பாடம் குறைவு இல்லை. சிநேகிதம்தான் குறைவு. பெரிய பெண் ஆகிக்கொண்டு வருகிறவள் அம்மாவோடு மட்டும் எத்தனை நாள் பேசுவாள்?

பையன் கட்சி வேறு. "நான் போகமாட்டேன். அங்க பேசினா அடிப்பாங்களாமே" என்கிறான். ஒருவரும் அவனிடம் அப்படிச் சொல்லவில்லை என்று அம்மா சத்தியம் செய்கிறார்.

சேவை மையத்தில் விண்ணப்பம் கொடுத்தாகிவிட்டது. ஹால் டிக்கெட்டுக்குக் காத்திருக்கிறார்கள். பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு சீட் பற்றி விசாரிக்க அப்பா முதலாளியிடம் அரை நாள் லீவு கேட்டிருக்கிறார். சமூக அறிவியலில் இன்னும் நாலு பாடம் பாக்கி.