பொங்கல் காய்கறிக்குப் புரட்டாசியிலேயே கணக்குப் போடுவோம்

'அடுத்த பருவத்திற்கு என்ன காய்கறி நடுவது?' என்ற தலைப்பில் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். 'நம் மலேசியாவில்தான் ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் உண்டே, இதில் பருவம் எங்கே வந்தது? எப்போது விதைத்தாலும் முளைக்குமே' என்று நீங்கள் கேட்கலாம். முளைக்கும், ஐயமில்லை. நமக்கு வேண்டிய நாளில் காய்க்குமா என்பதுதான் கேள்வி.

நான் தோட்டப்புற லயத்தில் வளர்ந்தவன். எங்கள் அம்மா அதிகம் படித்தவர் இல்லை. ஆனால் புரட்டாசி பிறந்ததும் வேலியோரம் பூசணி விதை ஊன்றிவிடுவார். தை முதல் நாள் பானைக்குப் பக்கத்தில் இருக்கும் பூசணி, கத்தரி, வெண்டை, கீரை எல்லாம் வீட்டுக் கொல்லையில் பறித்தவையாகத்தான் இருக்கும்.

பிறகு தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிவந்தோம். அம்மா காலமான பின் நானும் ஒரு கொல்லை போட்டேன். ஆறு வகை விதைப் பொட்டலங்களை வாங்கி, நவம்பர் மாதத்து ஒரே சனிக்கிழமையில் எல்லாவற்றையும் விதைத்தேன். இருபது வெண்டைச் செடிகளும் ஒன்றாகக் காய்த்தன. உண்ண ஆளில்லாமல் பாதி முற்றிப்போனது. கத்தரி நெடுநெடுவென்று வளர்ந்ததே தவிர, பூக்கவில்லை. பூசணி அப்போதுதான் பிஞ்சு விட்டிருந்தது. அந்தப் பொங்கலுக்கு அத்தனை காய்களையும் சந்தையில் வாங்கினேன். அம்மாவிடம் இருந்தது, என்னிடம் இல்லாதது என்ன என்று அன்றுதான் யோசித்தேன். அது நாள் கணக்கு.

பின்னாலிருந்து எண்ணுங்கள்

காய் வேண்டிய நாளை முதலில் நாட்காட்டியில் குறியுங்கள். அந்தக் காய்க்கு எத்தனை நாள் வேண்டுமோ, அத்தனை நாள் பின்னோக்கி எண்ணுங்கள். விதைக்கும் நாள் தானாகக் கிடைக்கும்.

ஜனவரி நடுவில் வரும் பொங்கலையே எடுத்துக்கொள்வோம். சர்க்கரைவள்ளிக் கொடிக்கு ஏறக்குறைய நான்கு மாதம் வேண்டும். செப்டம்பர் நடுவில் நட வேண்டும். பூசணிக்கு 90 முதல் 100 நாள். அக்டோபர் முதல் வாரத்தைத் தாண்டக் கூடாது. கத்தரி நாற்றாக ஒரு மாதம், நட்ட பிறகு இரண்டு மாதத்துக்குச் சற்று அதிகம். ஆகவே செப்டம்பர் இறுதியிலேயே விதை போட வேண்டும். வெண்டையும் பயத்தங்காயும் 50 நாளில் பறிப்புக்கு வரும். நவம்பர் மூன்றாம் வாரம் போதும். தண்டுக்கீரைக்கும் கங்கோங்கிற்கும் ஒரு மாதம். டிசம்பர் நடுவில் தூவலாம். பானையில் கட்டும் மஞ்சள் கொத்து வீட்டிலேயே வேண்டுமானால், கிழங்கை ஏப்ரல், மே மாதங்களிலேயே ஊன்றியிருக்க வேண்டும்.

நான் நவம்பரில் விதைத்த பூசணி ஏன் ஏமாற்றியது என்பது இப்போது உங்களுக்கே விளங்கியிருக்கும்.

மழையைப் பார்த்து இடம் அமையுங்கள்

நாள் கணக்கு சரியாக இருந்தாலும் மழை அதைக் கெடுத்துவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலம் நவம்பர் முதல் மார்ச் வரை. கிளந்தான், திரெங்கானு, பகாங் கரையோரத்தில் நவம்பர், டிசம்பரில் கொட்டும் மழைக்குத் திறந்த பாத்தி தாங்காது. அங்குள்ளவர்கள் கூரை ஓரத்தில் தொட்டிகளில் கீரை வைத்துக்கொண்டு, பெரிய நடவை மழை ஓய்ந்த பிறகு தொடங்குவதே நல்லது. மேற்குக் கரையில் பொதுவாக அக்டோபர், நவம்பரில்தான் மழை அதிகம். தீபாவளிக்கு மத்தாப்பு நனைவது இதனால்தான். கெடா, பெர்லிஸ் பக்கம் ஜனவரி, பிப்ரவரியில் வறட்சி வரும். அங்கே வடிகாலைவிடத் தண்ணீர்ச் சேமிப்பு முக்கியம்.

மேற்குக் கரையில் இருப்பவர்கள் பாத்தியை ஒரு சாண் உயரத்திற்குக் குறையாமல் மேடாக்குங்கள். நம் மண் பெரும்பாலும் புளிப்பு மண். நடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே சுண்ணாம்புத் தூள் கலந்து வையுங்கள். நாற்றுகளை மழை நேரே விழாத இடத்தில் வளருங்கள். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். டிங்கி கொசுவுக்கு அவ்வளவு தண்ணீரே போதும்.

நிழலும் இடம் மாறும்

என் கத்தரி ஏன் பூக்கவில்லை? ஜூன் மாதத்தில் நல்ல வெயில் அடித்த இடம்தான் அது. ஆனால் அக்டோபர் முதல் மார்ச் வரை நண்பகல் சூரியன் நமக்குத் தெற்கே சாய்ந்திருக்கும். நிழல் வடக்கே விழும். டிசம்பரில் கோலாலம்பூர் வட்டாரத்தில், ஆறு மீட்டர் உயரமுள்ள வீட்டின் நிழல் நண்பகலிலேயே வடக்கே மூன்று மீட்டர் வரை நீளும். என் கொல்லை வீட்டுக்கு வடக்கே, சுவரை ஒட்டி இருந்தது. அந்தப் பொங்கல் பருவம் முழுவதும் கத்தரி நிழலிலேயே நின்றிருக்கிறது!

உங்கள் கொல்லையும் வடக்குப் பக்கமாக இருந்தால், சுவரோரத்தைக் கீரைக்கு விடுங்கள். அது ஓரளவு நிழலைப் பொறுத்துக்கொள்ளும். கத்தரி, வெண்டை, மிளகாய்க்கு நாளுக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும்.

கடந்த முறை கத்தரி, மிளகாய், தக்காளி இருந்த இடத்தில் இம்முறை அவற்றில் எதையும் நடாதீர்கள். மூன்றும் ஒரே குடும்பம். ஒன்றைத் தாக்கிய வாடல் நோய்க் கிருமி மண்ணில் தங்கி, அடுத்ததையும் சாய்த்துவிடும். அந்த இடத்தைப் பயத்தங்காய்க்குக் கொடுங்கள்.

எத்தனை செடி போதும்?

ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு மூன்று கத்தரி, மூன்று மிளகாய், பத்து வெண்டை, பத்துப் பயத்தங்கொடி போதும். வெண்டையை ஐந்து இப்போது, ஐந்து இரண்டு வாரம் கழித்து என்று பிரித்து விதையுங்கள். கீரையைப் பத்து நாளுக்கு ஒரு வரிசையாகத் தூவுங்கள். அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் பூசணியை விட்டுவிடலாம். ஒரு முழ ஆழமுள்ள தொட்டியில் கத்தரி நன்றாகவே காய்க்கும்.

'இந்தப் பத்துச் செடியால் என்ன மிச்சம்?' என்று சிலர் கேட்பார்கள். 2021 நவம்பரில் காய்கறி விலை ஏறியபோது நாடே அதைப் பற்றிப் பேசியது நினைவிருக்கும். மழையும் ஆள் பற்றாக்குறையும் உர விலையும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. 1974ஆம் ஆண்டில் அன்றைய பிரதமர் துன் அப்துல் ரசாக் தொடங்கிய பச்சைப் புத்தகத் திட்டமும், வீட்டைச் சுற்றிக் கிடக்கும் வெற்று நிலத்தில் உணவுப் பயிர் நடும்படிதான் மக்களைக் கேட்டுக்கொண்டது. ஒரு குடும்பத்தின் சந்தைச் செலவு முழுவதையும் கொல்லை ஈடுகட்டாது. ஆனால் விலை ஏறும் மாதங்களில் வாரத்துக்கு இரண்டு மூன்று வேளைக் கறிக்கு அது கைகொடுக்கும்.

அன்பர்களே, லயங்கள் பல இடங்களில் இப்போது இல்லை. அங்கே நம் தாய்மார்கள் மனத்திலேயே வைத்திருந்த நாள் கணக்கையும் நாம் எழுதி வைக்கவில்லை. இன்று வீட்டுக்குப் போனதும் சமையலறை நாட்காட்டியில் பொங்கலைக் குறித்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். விதைத்த நாளையும் பறித்த நாளையும் அதிலேயே பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். இரண்டு பொங்கல் போனால் உங்கள் வீட்டுக்கென்று ஒரு கணக்கு உண்டாகிவிடும்.