நெய்தல் நிலத்து உணவும் நறவும்

உண்பதும் பருகுவதும் உயிர்க்கெல்லாம் பொதுவாயினும், இன்ன உணவுக்கு இன்ன பானம் இயையும் எனத் தெரிந்து கூட்டுதல் மனிதனுக்கே உரிய அறிவாகும். இவ்வறிவு பெருநகர விருந்து மண்டபங்களிற் பிறந்ததன்று. ஒரு நிலத்தின் மண்ணும் நீரும் வெயிலும் தந்த பொருள்களை அந்நிலத்தவர் பல தலைமுறையாக ஒருங்கே நுகர்ந்து வந்தமையால் முதிர்ந்ததாகும். மத்தியதரைக் கடற் பகுதியின் தீவொன்றில் வாழ்வோர் தம் திராட்சை நறவையும் உணவையும் இயைத்த முறையையும், நம் முன்னோர் தம் கள்ளையும் மீனையும் இயைத்த முறையையும் ஒப்புநோக்கி, அவற்றின் காரணங்களை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் வகுத்த திருக்குறளைப் போற்றும் நாம் இப்பொருளை ஆராய்தல் தகுமோ என ஐயுறுவார்க்கு இறுதியில் விடை கூறுவாம்.

ஈஜியன் கடலின் தென்பாகத்தில் சந்தோரினி என்னுந் தீவு உளது. கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டில் நிகழ்ந்த எரிமலைக் குமுறலால் அதன் நடுப்பகுதி கடலுள் ஆழ, எஞ்சிய நிலம் பிறைபோல் வளைந்து நிற்கின்றது. மழை குறைவு, காற்றோ கடிது. ஆதலின் அத்தீவின் உழவர் திராட்சைக் கொடியைப் பந்தரில் ஏற்றாது, நிலத்தோடு நிலமாகக் கூடைபோற் சுற்றி வளைத்து, குலைகளை அக்கூடையினுள்ளே காத்து வளர்க்கின்றனர். அங்கு விளையும் அசிர்த்திகோ என்னும் வெண்திராட்சை கடும் வெயிலிற் கனிந்தபோதும் புளிப்புக் குன்றாதது. அதன் நறவோடு அவர்கள் உண்பன சுட்ட மீன், சாக்குக்கணவாய், மஞ்சட் பருப்பின் மசியல், சிறு தக்காளி முதலியன. இவற்றின்மீது ஒலிவ எண்ணெயும் பெய்யப்படும்.

இவ்வியைபின் காரணம் எளிதில் விளங்கும். எண்ணெயும் கொழுப்பும் நாவின்மேற் படலமாகப் படிந்து சுவையை மழுக்குகின்றன. புளிப்பு உமிழ்நீரைச் சுரப்பித்து அப்படலத்தைக் கழுவுகின்றது. பொரித்த மீனுக்கு நாம் எலுமிச்சைச் சாறு பிழிவதும் இது பற்றியே. எனவே, கொழுப்புக்குப் புளிப்பு என்பது முதல் விதி. அத்தீவினர் வெயிலிற் காயவைத்த பழத்திலிருந்து வின்சாந்தோ என்னும் இனிய நறவையும் வடிக்கின்றனர். அதனைப் பருப்புக் கொட்டைகளோடும் பணியாரங்களோடும் பருகுவர். பணியாரத்தினும் இனிமை குறைந்த பானம் அதனோடு சேரின் வெறும் புளியாகத் தோன்றும். ஆகலின், இனிப்புக்கு இனிப்பு என்பது இரண்டாம் விதி. மென்மையான உணவுக்கு மென்மையான பானமும், வன்மையானதற்கு வன்மையானதும் பொருந்தும் என்பது மூன்றாவது. மீனோடு செந்நறவு பெரும்பாலும் பொருந்தாமைக்கும் காரணம் உண்டு. செந்நறவிற் கலந்துள்ள இரும்பே கடலுணவோடு கூடி வெடுக்கு நாற்றத்தைத் தோற்றுவிக்கின்றது என்பதை யப்பானிய ஆய்வாளர் 2009 ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினர்.

இனி நம் பழைய இலக்கியத்தை நோக்குவாம். ஆற்றுப்படை நூல்கள் பரிசில் பெறச் செல்லும் பாணனுக்கு வழி கூறுவன. அவ்வழியில் எந்நிலத்தில் எவ்வுணவு கிடைக்கும் என்பதையும் அவை கூறுகின்றன. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், வலைஞர் குடியில் அரிசிக் களியை ஆற்றி, அடை கலந்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் விளையவைத்த பிழி புதிய மீனின் சூட்டோடு வழங்கப்படுகின்றது. அந்நூலே கடற்கரைப் பட்டினத்துக்கு வரும்பொழுது, நெல்மா ஊட்டிக் கொழுக்க வைத்த பன்றியின் நிணம் மிகுந்த தசையோடு உறைப்பு மிகுந்த கள்ளைக் கூறுகின்றது. நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையிலோ, எயிற்பட்டினத்து நுளையர் மகள் அரித்த பழந்தேறலுக்குத் துணையாவது உலர்ந்த குழல்மீனின் சூடு.

இம்மூன்றையும் ஒருங்கு வைத்து எண்ணுக. புதிய மீனுக்கு இரு நாளில் விளைந்த இளம்பிழி. கொழுத்த ஊனுக்கு உறைப்புக் கள். உலர்ந்த மீனுக்கு நாட்பட்ட தேறல். மேலே கண்ட முதல் விதியும் மூன்றாம் விதியும் இங்கே அமைந்து கிடக்கின்றன. புலவர் அவற்றை விதியாக வகுத்துரைத்திலர். மக்கள் வாழ்வைக் கண்டவாறு பாடினர். இரு வேறு கடற்கரைகளில், ஒருவரையொருவர் பாராமலே, மாந்தரின் நா ஒரே முடிவுக்கு வந்தது எனலாம்.

அவ்விரு கரைகளும் முற்றிலும் தொடர்பற்றுக் கிடந்தன எனவும் கூறவியலாது. யவனர் நல்ல கலத்திற் கொணர்ந்த நறுந்தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்தி ஊட்டப் பாண்டியன் நன்மாறன் மகிழ்ந்திருக்க வேண்டும் என நக்கீரர் புறநானூற்றில் (56) வாழ்த்துகின்றார். கி.பி. முதலாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட எரித்திரேயக் கடற் பெரிப்புளூசு என்னும் கிரேக்க நூல், முசிறித் துறையில் இறங்கிய பண்டங்களுள் திராட்சை நறவையும் குறிக்கின்றது. ஆயினும் அது மிகுதியாக வரவில்லை என்றும் உரைக்கின்றது. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் மோட்டிமர் வீலர் 1945 இல் அகழ்ந்தபோது இருகைச் சாடிகளின் உடைசல்கள் பல வெளிப்பட்டன. அங்குக் கிடைத்த சாடிகளுட் சில ஈஜியன் கடலின் கோஸ் தீவினர் வனைந்த வகையைச் சார்ந்தவை என்பது பின்னர் அறியப்பட்டது. கோஸ் தீவின் நறவு கடல்நீர் கலந்து செய்யப்படுவது. உரோமராகிய கேட்டோ அதனைப் போன்ற நறவைச் செய்யும் முறையைத் தம் வேளாண்மை நூலில் எழுதி வைத்துள்ளார்.

இனி நம் வாவிக் கரைக்கு வருவோம். ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுடைய மட்டக்களப்பு வாவி எழுவான்கரையையும் படுவான்கரையையும் பிரித்தும் இணைத்தும் கிடக்கின்றது. உவரும் நன்னீரும் கலக்கும் அவ்வாவி நண்டும் இறாலும் மீனும் தருவது. எழுவான்கரையின் மணலிலே தென்னை செழிக்கின்றது. படுவான்கரையில் நெல்லும் எருமைத் தயிரும் மிகுதி. தேங்காய்ப்பாலிற் காய்ச்சிய ஆணம், மிளகாய் உறைக்கும் நண்டுக் கறி, புளியிட்ட மீன் குழம்பு, கருவாடு ஆகியன இந்நிலத்தின் உணவுகள்.

பாளையிலிருந்து வடியும் சாற்றிலே நூற்றுக்குப் பன்னிரண்டு முதற் பதினைந்து பங்கு வெல்லம் உளது. முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசினால் சாறு நொதியாது இனிய நீராகவே நிற்கும். பூசாவிடின், காற்றிலும் கலத்திலும் உள்ள நுண்ணுயிர்கள் சில மணி நேரத்துள் அதனை நொதிக்கச் செய்யும். அதிற் பிறக்கும் மதுசாரம் நூற்றுக்கு நான்கு முதல் ஆறு பங்கு. திராட்சை நறவிலோ பன்னிரண்டு முதற் பதினான்கு. மதுசாரம் மிகுந்த பானம் மிளகாயின் எரிவை வளர்க்கும். இனிப்பு அதனைத் தணிக்கும். எனவே உறைப்பான நண்டுக் கறிக்குச் சந்தோரினியின் நறவினும் மதுசாரங் குறைந்து இனிமை எஞ்சிய இளங்கள்ளே ஏற்றது என்பது வேதியியலாலும் பெறப்படும். ஒரு நாள் கடந்தாற் கள் புளித்துக் காடியாகத் தொடங்கும். அக்காடி அச்சாற்றுக்கு உதவுகின்றது. அப்ப மாவைப் பொங்கச் செய்வதும் கள்ளே. கள்ளைத் தீண்டாத இல்லங்களும் அதன் பயனை அறியாமலே உண்டு வந்தன என்க.

ஈண்டு யான் கண்ட ஒன்றைக் கூறுதல் பொருந்தும். என் வகுப்பு மாணவன் ஒருவன் தந்தையின் தொழில் எழுதவேண்டிய இடத்திற் 'கூலி' என எழுதியிருந்தான். அவன் தந்தை பாளை சீவுபவர் என்பதை யான் அறிவேன். பின்னொரு நாள் அவரைக் கண்டு, கள்ளுக்கும் உணவுக்கும் உள்ள பொருத்தத்தை வினவினேன். "விடியப்புறம் இறக்கின கள்ளுக்கு நண்டு, புளிச்ச கள்ளுக்குக் கருவாடு, சேர்" என்றார் அவர். ஆற்றுப்படைப் புலவர் பாடியதை நூல் கல்லாத அவர் ஒரு தொடரில் உரைத்துவிட்டார். மறுநாள் அம்மாணவன் கேட்க, வகுப்பிலே சிறுபாணாற்றுப்படையின் அப்பகுதியை விளக்கி, இதனை இன்றும் அறிந்தவர் நம்மூரில் உளர் என்று மட்டும் கூறினேன். அவன் தலை நிமிர்ந்து நோக்கினான்.

தொடக்கத்தில் எழுந்த ஐயத்துக்கு இனி விடை கூறுவாம். யான் கள் பருகுபவனல்லேன். பிறரைப் பருகுமாறு தூண்டுதலும் என் கருத்தன்று. குடியினாற் சீர்குலைந்த குடும்பங்களின் பிள்ளைகள் பசியோடு வகுப்பில் அமர்ந்திருத்தலை ஆசிரியர் எவரும் அறிவர். அக்கேட்டைப் பெரிதும் விளைப்பன வடித்த சாராயமும் கசிப்புமே. அவை உணவின் துணையாகப் பருகப்படுவன அல்ல; உணவை மறப்பதற்காகவே பருகப்படுவன. சாராயத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு மதுசாரம். கசிப்பிலோ என்ன நஞ்சு கலந்துளது என்பதைக் காய்ச்சியவனும் அறியான். வள்ளுவர் கடிந்தது அறிவை இழத்தலை. அவர் வாக்கைத் தலைமேற் கொள்வோம். ஆயினும், மரத்தையும் பாளையையும் நுரையின் நிறத்தையும் கண்டு நாழிகை கூறும் ஒரு தொழிலாளியின் அறிவை அவ்வாக்கின் பெயரால் இழிவுபடுத்துதல் முறையாகாது.

சந்தோரினித் தீவினர் தம் கொடிக் கூடையைக் காண உலகத்தாரை அழைக்கின்றனர். நாமோ நம் பாளை சீவுபவரின் மகனைத் தந்தையின் தொழிலை மறைக்கச் செய்தோம். பருகுதலும் பருகாமையும் அவரவர் ஒழுக்கத்தின் பாற்பட்டவை. அறிதல் அனைவர்க்கும் உரியது. பழைய நூல்களில் உள்ள நிலத்து உணவை ஆராயும் மாணவர், வாவிக் கரையில் இன்றும் அதனை அறிந்து வாழும் முதியோரிடமுஞ் சென்று கேட்டு எழுதி வைப்பாராக. அம்முதியோர் மறைவாராயின், நூலிலுள்ள சொல் எஞ்சும். அதன் சுவை எஞ்சாது.